எபர்வைன் வீட்டு வியாழக்கிழமை

மிசஸ் லைமன் பிரெண்டிஸ் என்ன உடுத்தினாள், விருந்தில் யாரை யாருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள், யாரைக் கூப்பிடாமல் விட்டு அழவைத்தாள் என்று எங்கள் பஃபலோ ஊர்ப் பத்திரிகைகள் பிற்காலத்தில் பத்தி பத்தியாக எழுதித் தள்ளின. எழுதட்டும், அவர்களுக்கும் பிழைப்பு நடக்க வேண்டுமே. ஆனால் அந்த அம்மாள் பிறந்தது ஜெனஸி தெருவில், சாசேஜ் கடைக்கு மேல்மாடியில். அதை ஒருத்தரும் எழுதவில்லை. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஹெட்விக் எபர்வைன். வீட்டில் ஹெடி. ஊரின் கிழக்குப் பக்கத்து ஜெர்மன் கிழவர்களைக் கேட்டால் இன்றைக்கும் "யாரு, நம்ம இக்னாட்ஸ் பொண்ணா?" என்றுதான் கேட்பார்கள்.

இக்னாட்ஸ் எபர்வைன் பவேரியாவிலிருந்து கப்பலேறி வந்த கசாப்புக்காரர். பேச்சில் மகா கஞ்சன், மிளகில் தாராளம். அந்த மிளகுதான் அவரைத் தூக்கிவிட்டது. தள்ளுவண்டி கடையாயிற்று, கடைக்குப் பின்னால் புகைக்கூடம் வந்தது, அப்புறம் நியூயார்க்குக்கு ரயிலேறிப் போகிற அளவுக்குச் சரக்கு பெருத்தது. மனைவி க்ரெஸ்ஸென்ஸை எல்லோரும் ஸென்ஸி என்பார்கள். அவளும் பவேரியாக்காரிதான். அகலமான கை, சிவந்த கன்னம், யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் சட்டியோடு போய் நிற்கிற சுபாவம். ஜெனஸி தெருவில் அவள் வீட்டுக் கதவு பூட்டி யாரும் பார்த்ததில்லை.

ஹெடிக்கு ஏழு வயதாகும்போது ஒரு நாள் இக்னாட்ஸ் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டே சொன்னார்.

"ஸென்ஸி, வீடு வாங்கிட்டேன்."

"எங்க?"

"அவென்யூல."

"எந்த அவென்யூ?"

"ஊருல எத்தனை அவென்யூ இருக்கு? அந்த அவென்யூதான்."

ஸென்ஸி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். எல்ம் மரங்கள் வரிசை கட்டி நிற்கிற அந்தத் தெருவில் வங்கிக்காரர்களும் நீதிபதிகளும் மர ஆலை வைத்திருப்பவர்களும்தான் இருந்தார்கள்.

"அங்க போயி நான் யார்கூடங்க பேசுறது?"

"எல்லாரும் நம்ம சாசேஜைத் தின்னுறவங்கதான். பேசாம எங்க போயிருவாங்க?"

பாவம், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அங்கேதான் ஸென்ஸி அந்தத் தப்பைச் செய்தாள். அதைத் தப்பு என்று சொல்லவே எனக்கு வாய் வரவில்லை. அவள் பிறந்த ஊரில் ஒரு தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள்தான் முதலில் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய்த் தலைகாட்ட வேண்டும். அதுதான் மரியாதை. போகாவிட்டால் திமிர் பிடித்தவள் என்பார்கள். அவென்யூவில் அப்படியே தலைகீழ். பழைய குடிகள் மனது வைத்து முதலில் வர வேண்டும். அதுவரைக்கும் புதுக்குடி வாயைப் பொத்திக்கொண்டு காத்திருக்க வேண்டும். இதை ஸென்ஸிக்கு யார் சொன்னார்கள்? அவள் கத்தரிப்பூ நிறப் பட்டுக் கவுனைப் போட்டுக்கொண்டு, ஹெடியையும் கையில் பிடித்துக்கொண்டு, வண்டியில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஒவ்வொரு வாசலிலும் தன் பெயர் அச்சடித்த கார்டு ஒன்று. கூடவே, வெறும் கையோடு எப்படிப் போவது என்று, வெள்ளைத் துணியில் கட்டிய சாசேஜ் வளையம் ஒன்று. கதவைத் திறந்த வேலைக்காரர்கள் அந்தத் துணி மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற கோலத்தை ஹெடி சாகும்வரை நடித்துக் காட்டுவாள்.

அடுத்த வாரம் அவென்யூ பதில் சொன்னது. ஒரு வண்டியும் வரவில்லை. கார்டுகள் வந்தன, ஒவ்வொன்றும் ஒரு உறைக்குள். ஸென்ஸிக்கு ஒரே சந்தோஷம். பக்கத்து வீட்டு அகஸ்டா பிரெண்டிஸ் அம்மாளிடமிருந்தே வந்திருக்கிறதே என்று அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவென்யூ முழுவதும் அந்த அகஸ்டா அம்மாளின் புருவத்தைப் பார்த்துத்தான் நடக்கும். வேலைக்காரி டெலியா கரி வாளியோடு அங்கேயே நின்றாள். ஐரிஷ்காரி, வாய்த்துடுக்கு, ஆனால் ஈர மனசு. முன்பு பிரெண்டிஸ் வீட்டில் தட்டு துடைத்தவள்.

"மேடம், சொன்னா வருத்தப்படக் கூடாது."

"சொல்லு."

"நேர்ல வராம கார்டை உறைக்குள்ள போட்டு அனுப்பினா, இதோட நிறுத்திக்குவோம்னு அர்த்தம்."

ஸென்ஸி கார்டை உறைக்குள் திரும்பப் போட்டாள். பிறகு கேட்டாள்: "சாசேஜ் திரும்பி வரலையே?"

"அது எப்படி மேடம் வரும்? அதை அடுப்படியில எல்லாரும் அடிச்சுப் பிடிச்சுத் தின்னிருப்பாங்க."

"பிடிச்சிருந்துச்சாமா?"

டெலியா வாளியைத் தூக்கிக்கொண்டு வேகமாக வெளியே போய்விட்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சுவது ஹெடிக்குக் கேட்டது.

இன்னொன்றும் இருந்தது. கார்டின் மூலையில், வருகிறவர்களைப் பார்க்க எந்தக் கிழமை வீட்டில் இருப்போம் என்று போட வேண்டும். மாவு பிசைகிற வேலை இல்லாத நாள் என்று ஸென்ஸி வியாழக்கிழமையைப் போட்டிருந்தாள். வியாழக்கிழமை அகஸ்டா அம்மாளின் நாள். அவென்யூவே அன்றைக்குப் பக்கத்து வாசலில்தான் நிற்கும்.

"வேற கிழமை போட்டுப் புதுசா கார்டு அடிச்சுரலாம் மேடம்" என்றாள் டெலியா.

"வியாழக்கிழமை இருப்பேன்னு எல்லாருக்கும் சொல்லியாச்சு. நாளை மாத்தினது தெரியாம யாராவது வந்து, நான் இல்லாமப் போயிட்டா?"

சொல்லிவிட்டுக் கார்டுக் கட்டை இழுப்பறைக்குள் வைத்துவிட்டாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. வருஷா வருஷம் குளிர்காலம் முழுக்க, வியாழக்கிழமை மூன்று மணிக்கு ஸென்ஸி முன்னறையில் உட்கார்ந்துவிடுவாள். காபி, பாதாம் கேக், நல்ல கோப்பைகள். கூடத்தில் ஒரு வெள்ளித் தட்டு, வருகிறவர்கள் கார்டு போடுவதற்கு. ஜன்னலுக்கு வெளியே வண்டிகள் வரிசையாகப் பக்கத்து வீட்டுக்குப் போகும். வண்டிச் சத்தம் வாசலுக்கு நேராக வரும்போதெல்லாம் ஸென்ஸி மடியைத் தட்டிவிட்டுக்கொண்டு நிமிர்வாள். சத்தம் தாண்டிப் போனதும் "காபி ஆறிடுச்சு, டெலியா, சூடு பண்ணிக் கொண்டா" என்பாள். ஐந்து மணிக்கு எழுந்திருப்பாள். கேக் முழுவதையும் ஹெடியும் டெலியாவும் தின்று தீர்ப்பார்கள். ஹெடி அந்தக் காலத்தில் உருண்டையாக இருந்ததற்கு அதுதான் காரணம்.

ஒரு வியாழக்கிழமை குழந்தை சும்மா இருக்காமல், அம்மாவின் பழைய தொப்பியை மாட்டிக்கொண்டு, பின்வழியாக ஓடிப்போய் வாசல் மணியை அடித்தது. ஸென்ஸி பதறி எழுந்தாள். கதவு திறந்தால் ஹெடி, மூக்குவரை தொப்பி.

"மிசஸ் எபர்வைன் வீட்டுல இருக்காங்களா?"

டெலியா சிரித்தாள். ஸென்ஸி சிரிக்கவில்லை. அவள் முகம் விழுந்துபோனதை ஹெடி பார்த்தாள்.

"விளையாட்டுக்குன்னாலும் இது வேண்டாம்டி கண்ணு. உன்கிட்ட கார்டு இல்ல. கார்டு இல்லாதவங்க வந்தது கணக்குல சேராது."

"எனக்கு எப்பம்மா கார்டு கிடைக்கும்?"

"கல்யாணம் ஆனப்புறம். அதுவரைக்கும் என் கார்டுல எனக்குக் கீழே உன் பேரு."

ஹெடிக்குப் பத்து வயதான குளிர்காலத்தில் ஊரோரத்து ஏரிக்காற்று பனியைக் கொட்டி ஊரையே புதைத்தது. அன்றும் வியாழக்கிழமைதான். நீட்டின கை தெரியாத பனி. ஒரு இறுதிச் சடங்கிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பனிவண்டி எபர்வைன் வீட்டு வேலியோரம் சாய்ந்துவிட்டது. வண்டிக்காரர் ஒரு அம்மாளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, வெளிச்சம் தெரிந்த இடத்துக்குக் கூட்டி வந்தார். முன்வாசல் பனியில் மூடிக் கிடந்ததால் அடுப்படிக் கதவைத் தட்டினார்கள். தன் வீடு அடுத்த வேலிக்குள் இருக்கிறது என்பதுகூட அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை. கறுப்புத் தொப்பி, கறுப்பு முக்காடு, நீலம் பாரித்த உதடு. அகஸ்டா பிரெண்டிஸ்.

ஸென்ஸி அந்த அம்மாளை அடுப்புப் பக்கம் உட்கார வைத்தாள், தரையில் மண்டியிட்டுப் பூட்ஸைக் கழற்றினாள், கால்களைத் தன் மடியில் வைத்துத் தேய்த்தாள். தொப்பியைக் கழற்றிக் கொடுத்தது அகஸ்டா அம்மாளேதான். அவென்யூவில் யார் வீட்டுக்குப் போனாலும் கால் மணி நேரம்தான் உட்கார வேண்டும், தொப்பியையும் கையுறையையும் கழற்றக் கூடாது. தொப்பியைக் கழற்றினால் அந்த வீட்டு மனுஷி என்று அர்த்தம். அன்றைக்கு அந்த அம்மாள் இருட்டும்வரை வெறும் தலையோடு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். பாலில் ஆவி கட்டி வேகவைத்த பன்னும் பிளம்ஸ் பழக்கூழும் ஸென்ஸி வைக்க வைக்கச் சாப்பிட்டாள்.

"இதை எப்படிச் செய்யறீங்க?"

"மூடியைத் திறக்காம இருக்கணும். அவ்வளவுதான். அவசரப்பட்டா அமுங்கிடும்."

"என் பையன் இருந்தா பிடிச்சிருக்கும்" என்றாள் அகஸ்டா அம்மாள். அவளுடைய ஒரே பையன் காய்ச்சலில் போனது ஊருக்கே தெரியும். ஆனால் அவள் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஸென்ஸி இன்னொரு பன்னை எடுத்து வைத்தாள். காற்று அடங்கினதும் வண்டிக்காரர் வந்து கூட்டிப் போனார். போகும்போது அந்த அம்மாள் ஸென்ஸியின் கையை ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் பிரெண்டிஸ் வீட்டுக் கண்ணாடிக் கூரைத் தோட்டத்திலிருந்து ஒரு கூடை திராட்சை வந்தது. டெலியா இலைக்கடியில் துழாவிப் பார்த்தாள். கார்டு இல்லை.

"மறந்திருப்பாங்க" என்றாள் ஸென்ஸி.

அகஸ்டா அம்மாளா மறப்பாள்? அடுத்த வியாழன் ஸென்ஸி இரண்டு கேக் செய்தாள். வெள்ளித் தட்டைத் தன் கையாலேயே துடைத்தாள். வண்டிகள் தாண்டிப் போயின. அதற்கடுத்த வாரம் ஒரு துணிக்கடையில் இரண்டு பேரும் எதிரெதிரே வந்தார்கள். ஸென்ஸி கையைத் தூக்கினாள், முகமெல்லாம் சிரிப்பு. அகஸ்டா அம்மாள் அவளுக்குப் பின்னால் இருந்த ரிப்பன் பெட்டியைப் பார்த்தபடி கடந்து போனாள். பாதியில் நின்ற அந்தக் கையை ஸென்ஸி என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பி ஊசியைச் சரிசெய்தாள். ஹெடி அதைப் பார்த்தாள். அவளுக்குக் கொதித்தது. அந்தக் கால்களை அம்மா மடியில் வைத்துத் தேய்த்ததை நினைத்து அழுகை அழுகையாக வந்தது.

"அந்தப் பொம்பளை நம்ம வீட்டுல அத்தனை பன்னு தின்னுச்சேம்மா."

"தின்னா தின்னுட்டுப் போறாங்க. கார்டு போடலையே, பழக்கம்னு எப்படிச் சொல்ல முடியும்? அவங்க மேல தப்பில்ல."

அம்மாவின் இந்த நியாயம்தான் ஹெடிக்கு எல்லாவற்றையும்விட வலித்தது.

பிறகு ஹெடி வளர்ந்தாள். உருண்டை வடிந்து உயரமானாள். இக்னாட்ஸ் காசைக் கொட்டி நல்ல பள்ளிக்கும் நடன வகுப்புக்கும் அனுப்பினார். முதலில் பிள்ளைகள் அவளுக்குப் பின்னால் பன்றி மாதிரி உறுமினார்கள். அவள் திரும்பி, "இது சினைப் பன்னி, எங்கப்பாவுக்கு வேண்டாம்" என்றாள். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து அவள் இல்லாமல் அங்கே எதுவும் நடக்கவில்லை. பிள்ளைகள் அவளைத் தங்கள் வீட்டு விருந்துக்குக் கூப்பிட்டார்கள், அழைப்பில் அவள் பெயர் மட்டும். "போயிட்டு வாடி, என்ன சமைச்சாங்கன்னு வந்து சொல்லு" என்று ஸென்ஸி கவுனுக்குப் பின்னால் கொக்கி மாட்டி அனுப்புவாள். ஹெடி வந்து அடுப்படியில் உட்கார்ந்து, ஒவ்வொரு பெரிய மனுஷியும் எப்படி உட்கார்ந்தாள், எப்படி மூக்கைச் சுளித்தாள் என்று நடித்துக் காட்டுவாள். ஸென்ஸி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். வியாழக்கிழமை மட்டும் எந்த அழைப்பு வந்தாலும் ஹெடி போகமாட்டாள். அம்மாவோடு உட்கார்ந்திருப்பாள்.

அவள்மேல் ஆசைப்பட்டவன் லைமன் பிரெண்டிஸ், அகஸ்டா அம்மாள் கணவருடைய தம்பி மகன். தாய் தகப்பன் இல்லாதவன், பெரியம்மா வளர்த்த பிள்ளை. கொஞ்சம் மந்தமாகச் சிரிக்கிற நல்லவன். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவள் முதலில் பெண்ணின் அம்மாவைப் பார்க்க வர வேண்டும் என்பது அவென்யூ வழக்கம். அகஸ்டா அம்மாள் அதற்கும் வழி கண்டுபிடித்தாள். உடம்புக்கு முடியவில்லை என்று ஐரோப்பாவுக்குக் கப்பலேறிவிட்டாள். கல்யாணத்துக்கு அங்கிருந்து வெள்ளியில் மீன் பரிமாறும் கரண்டி வந்தது. கல்யாணம் முடிந்து, புது ஜோடி ஊர் சுற்றிவிட்டு வந்தபிறகுதான் அவளும் திரும்பினாள்.

புதுப் பெண் முதன்முதலில் யார் வாசலில் தன் கார்டைப் போடுகிறாள் என்பது அவென்யூவில் பெரிய விஷயம். அங்கே போட்டதை வைத்துத்தான் அவள் யார் பக்கம், எந்தப் படியில் நிற்கிறாள் என்று முடிவு செய்வார்கள். ஹெடி போக வேண்டியது யார் வீடு என்று தெருவில் யாருக்கும் சந்தேகமே இல்லை. வியாழக்கிழமை, மூன்று மணி, அகஸ்டா அம்மாள் வீடு.

புதன்கிழமை சாயங்காலம் ஹெடி கணவனிடம் சொன்னாள்.

"நாளைக்கு நான் முதல்ல எங்கம்மா வீட்டுக்குப் போறேன்."

"அம்மா வீட்டுக்கு நீ தினமும்தான போற?"

"அடுப்படி வழியா போறேன். நாளைக்கு வாசல் வழியா."

லைமனுக்குப் புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. "பெரியம்மா மன்னிக்க மாட்டாங்க ஹெடி. அவங்க உனக்குக் கதவைச் சாத்திட்டா இந்தத் தெருவே சாத்திடும். என்னையும் சேர்த்துத்தான்."

"தெரியும். அதான் உங்ககிட்ட கேக்குறேன்."

அவன் எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டான். "உங்கம்மா பன்னு செய்வாங்களா?" என்றான் கடைசியில். ஹெடி அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மறுநாள் பனியில்லாத நல்ல வெயில். அவென்யூவின் வண்டிகளெல்லாம் பிரெண்டிஸ் வாசலில் வந்து நின்றன, புதுப் பெண்ணைப் பார்க்க வழக்கத்தைவிடக் கூட்டம். லைமனின் வண்டி தெருமுனையில் திரும்பியது, மெதுவாக வந்தது, ஒரு வீடு முன்னாலேயே நின்றது. இறகு வைத்த தொப்பியும் முழங்கைவரை வெள்ளைக் கையுறையுமாக ஹெடி இறங்கி எபர்வைன் வீட்டுப் படியேறி மணியை அடித்தாள்.

டெலியா கதவைத் திறந்தாள். தலை நரைத்திருந்தது.

"மிசஸ் எபர்வைன் வீட்டுல இருக்காங்களா?"

டெலியாவுக்கு வாய் துடித்தது. இருந்தாலும் பிரெண்டிஸ் வீட்டில் வேலை பார்த்தவள் இல்லையா, முதுகை நிமிர்த்திக்கொண்டு வெள்ளித் தட்டை நீட்டினாள். "இருக்காங்க மேடம்." ஹெடி தட்டில் கார்டை வைத்தாள்.

முன்னறையில் ஸென்ஸி வழக்கம்போலக் காபிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். "மணியை ஏன்டி அடிக்கிற? பின்பக்கமா வர வேண்டியதுதான? நீ இந்நேரம் அங்கல்ல இருக்கணும், முதல் நாளும் அதுவுமா..." என்று ஆரம்பித்தவள், டெலியா நீட்டின தட்டைப் பார்த்தாள். கார்டை எடுத்தாள். மிசஸ் லைமன் பிரெண்டிஸ். விரலால் அந்த எழுத்தைத் தடவினாள். ஹெடி நின்றுகொண்டே இருந்தாள். அம்மா சொல்லாமல் உட்காரக் கூடாதே.

ஸென்ஸி மடியைத் தட்டிவிட்டுக்கொண்டு நிமிர்ந்தாள்.

"வாங்க மிசஸ் பிரெண்டிஸ். உக்காருங்க. காபி சாப்பிடுறீங்களா?"

"குடுங்க, மிசஸ் எபர்வைன். இன்னிக்கு வெயில் நல்லா அடிக்குது."

"ஆமா. போன வாரம்தான் ஏரிக்காத்து கொஞ்சம் படுத்துச்சு."

இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்த பேச்சையெல்லாம் ஸென்ஸி பேசினாள். வெயில், எல்ம் மரத்து இலை, பாதிரியாரின் இருமல். நல்ல கோப்பையில் காபி ஊற்றினாள், கேக்கை வெட்டினாள், ஒரு சொட்டு சிந்தவில்லை. அவள் கண்ணிலிருந்துதான் வழிந்துகொண்டிருந்தது. அதை இரண்டு பேரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள். கால் மணி நேரம் ஆனதும் ஸென்ஸி கடிகாரத்தைப் பார்த்தாள்.

"கிளம்புடி" என்றாள் மெதுவாக. "இதுக்கு மேல இருந்தா வளர்ப்பு சரியில்லைன்னு சொல்வாங்க. நேரா பக்கத்து வீட்டுக்குப் போ."

"நான் போகல. கதவைத் திறப்பாங்களோ என்னவோ. திறந்தாலும் போகல. உன்னை எத்தனை வருஷம் உக்கார வச்சாங்க?"

"அதுக்குத்தான் சொல்றேன். இந்நேரம் அந்தம்மா ஜன்னலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கும், காபி ஆறிப் போயிருக்கும். வீடு நிறைய ஆளு இருந்தாலும் வர வேண்டியவங்க வரலைன்னா அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்டி. போ."

ஹெடி போனாள். அம்மாவுக்காகப் போனாள். பிரெண்டிஸ் வீட்டுக் கதவு திறந்தது. முன்னறையில் பேச்சு சட்டென்று நின்றது. அகஸ்டா அம்மாள் ஜன்னலோர நாற்காலியில்தான் இருந்தாள், பக்கத்துக் கோப்பையில் காபி தொடாமல் கிடந்தது. அவளுக்கு ரொம்ப வயதாகிவிட்டதை ஹெடி அப்போதுதான் கவனித்தாள்.

"எங்கேயோ நின்னுட்டு வர்ற போல" என்றாள் அகஸ்டா அம்மாள்.

"மிசஸ் எபர்வைன் வீட்டுல. அவங்கதான் என்னை இங்க அனுப்பினாங்க. நீங்க காத்துக்கிட்டு இருப்பீங்கன்னு."

அகஸ்டா அம்மாள் கையுறையின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். "மூடியைத் திறக்கக் கூடாதுன்னு சொன்னாங்க" என்றாள், யாருக்கோ சொல்வது போல. "எங்க சமையக்காரிக்கு எத்தனை தடவை சொல்லியும் அந்தப் பன்னு வரல." பிறகு பக்கத்து நாற்காலியிலிருந்த சால்வையை எடுத்துவிட்டு, உட்கார் என்று சைகை காட்டினாள்.

அகஸ்டா அம்மாள் ஸென்ஸி வீட்டுக்கு வருவாளா, கார்டு போடுவாளா என்றெல்லாம் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. அங்கிருந்து கால் மணி நேரத்தில் எழுந்த ஹெடி, வண்டியை அனுப்பிவிட்டு, வேலி இடுக்கு வழியாக அம்மா வீட்டு அடுப்படிக்குள் நுழைந்தாள். தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள், கையுறையை உருவிப் போட்டாள். ஸென்ஸி வெள்ளித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"இந்தக் கார்டை என் பெட்டியில எடுத்து வச்சுக்கவாடி?"

"வேண்டாம்மா. தட்டுலயே இருக்கட்டும். அடுத்து வர்றவங்க வெறும் தட்டுல கார்டு போடக் கூச்சப்படுவாங்க."

ஸென்ஸி எழுந்து போய்த் தட்டைக் கூடத்தில் வைத்தாள், கதவிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி கொஞ்சம் திருப்பி. திரும்பி வந்து மாவுச் சட்டியை எடுத்தாள்.